லிசா கேரிங்டனைப் பார்த்து கே1 வாங்க நினைப்பவர்களுக்கு: பழைய படகு, புதுத் துடுப்பு, என் அனுபவம்

நியூசிலாந்துக் கயாக் வீராங்கனை லிசா கேரிங்டன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மூன்று தங்கம் அடித்ததைப் பார்த்துவிட்டு, நாமும் ஒரு கே1, அதாவது ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டும் பந்தயக் கயாக், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம், ஆனால் படகில் பணத்தைக் கொட்டாதீர்கள். படகு பழையதாக இருக்கட்டும், கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், பெயிண்ட் போயிருந்தாலும் பரவாயில்லை. துடுப்பை மட்டும் நல்லதாக, உங்கள் உயரத்துக்கும் தோளுக்கும் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். நான் வாங்கியது அப்படித்தான். ஆரம்பநிலைக்காரர்களுக்கென்று செய்த ஃபைபர்கிளாஸ் கே1 ஒன்று, செகண்ட் ஹேண்டில். கூடவே நீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய புது கார்பன் விங் துடுப்பு (விங் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). இரண்டையும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் டாக்கபுனா பக்கம் இருக்கும் புபுகே ஏரியில்தான் பயன்படுத்துகிறேன். கேரிங்டன் வருடக்கணக்காகப் பயிற்சி செய்த ஏரி அது. எரிமலை வாயில் தண்ணீர் நின்று உருவானது, ஆழம் சுமார் 57 மீட்டர், சுற்றிலும் வீடுகள் இருப்பதால் காற்று ஓரளவு தடுக்கப்படும். பிராண்ட் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய படகில் யார் செய்தார்கள் என்பதைவிட எப்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் இது என்ன படகு என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் பலருக்கும் கயாக் என்றால் ரிசார்ட்டில் வாடகைக்குக் கொடுக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் படகுதான் நினைவுக்கு வரும். அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போட்டோ எடுக்கலாம். பந்தயக் கே1 வேறு சாமான். நீளம் 5.20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது, இதுதான் போட்டி விதி. ஒருகாலத்தில் அகலத்துக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது, அகலமான இடத்தில் 51 சென்டிமீட்டராவது இருக்கவேண்டும் என்று. வடிவமைப்பாளர்கள் அந்த அகலத்தை எல்லாம் உட்காருமிடத்துக்குப் பின்னால், தண்ணீருக்கு மேலே கொண்டுபோய் வைத்து, தண்ணீரைத் தொடும் பாகத்தை ஒல்லியாக்கினார்கள். சிட்னி ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள், அப்புறம் படகுகள் இன்னும் ஒடுங்கிவிட்டன. இன்றைய ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் ஓடும் படகில் புதிதாக ஒருவரை உட்காரவைத்தால் துடுப்பைத் தண்ணீரில் வைப்பதற்குள் கவிழ்ந்துவிடுவார். இது மிகையல்ல. ஓட்டத் தெரிந்த கடல் கயாக்காரர்களுக்கும் அதே கதிதான்.

என்னுடையது அந்த ரகம் அல்ல. அடிப்பாகம் கொஞ்சம் தட்டையாக இருக்கும் பயிற்சிப் படகு. எடை போட்டிப் படகைவிட ஒன்றிரண்டு கிலோ கூடுதல். வேகம் குறைவுதான். ஆனால் இதில் கற்றுக்கொண்டவர்கள் சீக்கிரமாகவே நேராக உட்கார்ந்து இடுப்பைத் திருப்பித் துடுப்பு போடுகிறார்கள். ஒல்லியான படகில் தொடங்கியவர்களோ கவிழ்ந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையால் மட்டும் இழுக்கிறார்கள், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடுவது பெரும்பாடு. கே1 நிற்கும்போதுதான் அதிகம் ஆடும், ஓட ஆரம்பித்துவிட்டால் நிதானத்துக்கு வரும், சைக்கிள் மாதிரி. அதனால் ஒரு படகு நிலையாக இருக்கிறதா என்று கரையோரம் நிறுத்திவைத்து ஆட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு படகு பாருங்கள்.

இந்த பேலன்ஸ் விஷயத்தில் கேரிங்டனின் கதை நமக்கு உதவும். அவர் ஏரியில் பிறந்து வளர்ந்த ஆள் இல்லை. 1989இல் டவுரங்காவில் பிறந்து, பே ஆஃப் பிளென்டி கரையில் இருக்கும் ஒஹோபே என்ற சின்னக் கடற்கரை ஊரில் வளர்ந்தவர். மாவோரி வம்சாவளி, டே ஐடாங்கா ஆ மாஹாகி, ங்காடி போரோ என்ற இனக்குழுக்களைச் சேர்ந்தவர். முதலில் இறங்கியது சர்ஃப் லைஃப்சேவிங்கில், அதாவது கடற்கரையில் உயிர்காக்கும் பயிற்சியும் அதை ஒட்டிய போட்டிகளும். அதில் சர்ஃப் ஸ்கீ என்று ஒரு படகு உண்டு, மேலே உட்கார்ந்து அலைக்கு எதிராகவே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். அலை அடித்துப் புரட்டும், மறுபடி ஏறவேண்டும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நல்ல கயாக் வீரர்கள் பலர் இந்த வழியில் வந்தவர்கள்தான். ஆக அவர் ஒல்லியான கே1இல் ஏறும்போதே இடுப்புக்குக் கீழே படகு எப்படி ஆடினாலும் மேல் உடம்பு கலங்காமல் இருக்கும் பழக்கம் கூடவே வந்திருக்கிறது. அலுவலக நாற்காலியில் பத்து வருடம் உட்கார்ந்துவிட்டு வரும் நமக்கு அது இல்லை. அவர் ஓட்டும் படகை நாம் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

சரி, படகுக்குள் வருகிறேன். கே1 வாங்கும்போது எல்லோரும் வெளிப்பக்கம் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் உள்ளே காலடியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அங்கே குறுக்காக ஒரு பலகை இருக்கும், பாதத்தை அதில் ஊன்றவேண்டும். அதற்கு மேலே ஒரு பட்டை, பாதத்தின் மேல்பக்கம் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும். இரண்டு பெருவிரல்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் குச்சி நிற்கும், அதுதான் சுக்கானைத் திருப்புவது. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பி வயர்கள் படகின் வால்வரை போகும், வாலுக்குக் கொஞ்சம் முன்னால் அடியில் உள்ளங்கையைவிடச் சின்னதாகச் சுக்கான் தொங்கும். இந்தப் பலகையும் பட்டையும் ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏனென்றால் வலது பக்கம் துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது வலது கால் பலகையைத் தள்ளும், அதே நேரத்தில் இடது கால் பட்டையை இழுக்கும், அப்போதுதான் இடுப்பு சுழலும். கேரிங்டனின் ரேஸ் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் முழங்கால்கள் மாறி மாறி மேலும் கீழும் போவது தெரியும். பார்ப்பவர்கள் தோளையும் கையையும்தான் கவனிப்பார்கள், வேலை நடப்பது காலில். என் படகில் வந்த பட்டை தொளதொளவென்று இருந்தது, முதல் கொஞ்ச நாள் ஏன் இடது பக்கம் மட்டும் பலமே இல்லை என்று புரியவில்லை. பட்டையை மாற்றியதும் படகே வேறாகிவிட்டது. மிகச் சின்னச் செலவு. இதைச் செய்யாமல் யாரும் ஏரிக்குப் போகாதீர்கள்.

சீட்டைப் பற்றி ஒரு மனத்தாங்கல் எனக்கு உண்டு. இந்தப் படகை விற்றவர் அனுப்பிய போட்டோக்களில் சீட் பொருந்தும் தண்டவாளத்தின் பக்கம் மட்டும் தெரியாதபடி எடுத்திருந்தார். நேரில் பார்த்தபோது வெளிச்சம் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்து சீட்டைக் கழற்றினால் அடியில் நீளமாக ஒரு விரிசல், அதன் மேல் யாரோ ரெசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஓட்டும்போது உடைந்திருந்தால் ஏரி நடுவில் மாட்டியிருப்பேன். சரிசெய்ய முடிந்தது, ஆனால் விலை பேசும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எனவே சீட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், நான்கு திருகுதான், ஐந்து நிமிட வேலை. அப்படியே படகின் முன்னும் பின்னும் உள்ளே மிதவைப் பொருள் இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். மிதவை இல்லாத கே1 கவிழ்ந்தால் தண்ணீர் புகுந்து ஒரு முனை கீழே போய் நட்டுக்குத்தலாக நிற்கும், கரைக்கு இழுத்துவருவது ரொம்பக் கஷ்டம்.

உங்கள் எடைக்கு ஏற்ற படகு என்பதும் முக்கியம். தயாரிப்பாளர்கள் ஒரே மாடலை ஓட்டுபவரின் எடையைப் பொறுத்துப் பல அளவுகளில் செய்கிறார்கள். பெரிய ஆளுக்கான படகில் ஒல்லியானவர் உட்கார்ந்தால் படகு தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும், இன்னும் அதிகமாக ஆடும், காற்று வேறு அடித்துத் தள்ளும். பெரிய படகு என்றால் பாதுகாப்பு என்று நினைத்து வாங்கிவிட்டுப் பாதியில் விட்டுப்போனவர்களை எங்கள் ஏரியிலேயே தெரியும்.

இப்போது துடுப்பு. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

1980களின் நடுப்பகுதிவரை எல்லோரும் தட்டையான துடுப்புதான் போட்டார்கள். அந்தச் சமயத்தில் ஸ்வீடனில் ஒரு புது வடிவம் வந்தது. அலகு, அதாவது தண்ணீரில் இறங்கும் பாகம், தட்டையாக இல்லாமல் குழிந்து, மேல்விளிம்பு உள்பக்கமாக வளைந்து இருக்கும். விமான இறக்கையின் குறுக்குவெட்டை நினைவுபடுத்தும் வடிவம், அதனால்தான் விங் என்று பெயர். தட்டைத் துடுப்பைப் பின்னால் இழுக்கும்போது அதுவும் தண்ணீரில் பின்னால் வழுக்கும், நாம் கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கு வீண். விங் துடுப்போ பாதத்துக்குப் பக்கத்தில் இறங்கி, இழுக்க இழுக்கப் படகைவிட்டு வெளிப்பக்கமாக விலகிப் போகும். அப்படிப் பக்கவாட்டில் போகும்போது இறக்கையில் தூக்குவிசை உண்டாவதைப் போலவே இங்கே முன்னோக்கிய விசை கிடைக்கிறது. துடுப்பு தண்ணீரில் கிட்டத்தட்ட ஊன்றி நிற்க, படகு அதைத் தாண்டிப் போகிறது. 80கள் முடிவதற்குள் பந்தயத்தில் தட்டைத் துடுப்பு வழக்கொழிந்துவிட்டது.

பயன்படுத்துபவருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. விங் துடுப்பை அதன் போக்கில் விடவேண்டும். பழக்கதோஷத்தில் படகோடு ஒட்டி நேராகப் பின்னால் இழுத்தால் அது படபடவென்று உதறும், சில சமயம் படகுக்கு அடியில் போய் நம்மைக் கவிழ்த்தும்விடும். முதல் சில வாரங்கள் எனக்கு இதுதான் நடந்தது, எல்லோருக்கும் நடப்பதுதான். ஒருநாள் வெளியே எடுக்கும் இடத்தை இடுப்புக்கு நேராக வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒரு அங்குலம்கூட இழுக்காமல் ஓட்டிப் பார்த்தேன். உதறல் நின்றது. அதன்பிறகு தண்ணீரைப் பிடிக்கும் அந்த நொடியில் துடுப்பில் வரும் அழுத்தம், கையில் தொடங்கித் தோளுக்குப் பின்புறமாக முதுகில் போய் உட்கார்வதை உணர முடிந்தது. இந்த ஒரு உணர்வுக்காகவே கொடுத்த காசு தகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: அலகின் அளவில் ஆசைப்படாதீர்கள். பெரிய அலகு போட்டால் வேகம் கூடும் என்று தோன்றும், நூறு மீட்டரில் தோள் செத்துவிடும். சின்னதோ நடுத்தரமோ போதும். தண்டு ரொம்ப விறைப்பாக இருந்தால் முழங்கை வலி நிச்சயம், கொஞ்சம் வளைந்து கொடுக்கும் தண்டு கேட்டு வாங்குங்கள். நீளத்தைச் சில சென்டிமீட்டர் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்கட்டும். என் உயரத்துக்கு 214 சென்டிமீட்டர் சரியாக இருக்கிறது, காற்று எதிர்த்து அடிக்கும் நாளில் ஒரு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்கிறேன். இரண்டு அலகுகளுக்கும் இடையிலான கோணத்தையும் அந்த இணைப்பிலேயே மாற்றலாம், அறுபது பாகை சுமாரில் தொடங்கினால் மணிக்கட்டு நோகாது. மணல் அந்த இணைப்புக்குள் போய்விட்டால் இறுகிக்கொள்ளும், கழற்றவே வராது. கடற்கரைப் பக்கம் கொண்டுபோனால் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசி, இரண்டாகக் கழற்றிக் காயவையுங்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு கேரிங்டனின் பந்தயங்களை மறுபடி பார்க்கும்போது அவை முன்பு பார்த்த பந்தயங்களாகவே இல்லை. 2011இல் ஹங்கேரியின் செகெட் நகரில் நடந்த உலகப் போட்டியில் கே1 200 மீட்டரில் தங்கம் வென்றார், அதுதான் தொடக்கம். மறுவருடம் லண்டன். பெண்கள் 200 மீட்டர் ஒலிம்பிக்ஸில் அறிமுகமானதே அந்த வருடம்தான். போட்டி நடந்த ஈட்டன் டோர்னியில் 44.638 வினாடியில் முதலாவது, இரண்டாவதாக வந்த உக்ரைனின் இன்னா ஒசிபென்கோவுக்கும் அவருக்கும் அரை வினாடிகூட வித்தியாசம் இல்லை. 2016இல் ரியோவில் அதே தூரத்தை 39.864இல் முடித்தார். டோக்கியோவில் 38.120. மூன்று நேரங்களையும் அடுக்கிப் பார்த்து, ஒன்பது வருடத்தில் ஆறரை வினாடி வேகம் கூடிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். திறந்த தண்ணீரில் எதிர்க்காற்றா பின்காற்றா என்பதைப் பொறுத்து இந்தத் தூரத்திலேயே பல வினாடிகள் மாறும். அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை நேரம் காட்டாது, மூன்று ஒலிம்பிக்ஸில் அந்தத் தூரத்தில் யாராலும் அவரைத் தாண்ட முடியவில்லை என்பதுதான் காட்டும். 38.12 வினாடி என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர். நின்ற இடத்திலிருந்து தொடங்கி, எடுத்த எடுப்பில் படகைத் தூக்கவேண்டிய நேரமும் சேர்த்து, சராசரி அது. என் படகில் நான் உயிரைக் கொடுத்து ஓட்டும்போது வாட்ச் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டால்தான் அதன் அர்த்தம் புரியும்.

எனக்கு அவருடைய வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் ரியோவின் 500 மீட்டர். அதில் அவருக்கு வெண்கலம்தான். முதலிடம் ஹங்கேரியின் டனுட்டா கோசாக். அந்த ஒரே ஒலிம்பிக்ஸில் கே1, கே2 (இருவர் படகு), கே4 (நால்வர் படகு) என்று 500 மீட்டர் மூன்றிலும் தங்கம் அடித்தவர் கோசாக். கேரிங்டன் 2015இல் மிலான் உலகப் போட்டியில் 200, 500 இரண்டையும் வென்றிருந்தார், அப்படியும் ரியோவில் 500 கைக்கு வரவில்லை. 200 மீட்டரில் முழு மூச்சில் அடித்துக்கொண்டே போய்விடலாம். 500 அப்படி அல்ல, கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். ஆரம்பத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டால் முந்நூறாவது மீட்டரில் முன்கை கல்லாகிவிடும், துடுப்பைப் பிடித்திருக்கும் விரல்களைத் திறக்கவே வராது. இதை நான் படித்துச் சொல்லவில்லை, ஓட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உலகத்திலேயே வேகமான 200 மீட்டர்க்காரர் அந்த வேகத்தை அடக்கி, பங்கு பிரித்துச் செலவழிக்கக் கற்றுக்கொண்டது அடுத்த ஐந்து வருடக் கதை. கோச் கார்டன் வாக்கர்தான் இவ்வளவு காலமும். அவர் கயாக் பந்தயத்திலிருந்து வந்தவர் அல்ல, ஓட்டம், சைக்கிள், கயாக் மூன்றும் சேர்ந்த கோஸ்ட் டு கோஸ்ட் போட்டியின் சாம்பியன்.

டோக்கியோவில் அறுவடை. 2021 ஆகஸ்ட் 3 அன்று ஒரே நாளில் 200 மீட்டரிலும், கெய்ட்லின் ரீகலோடு கே2 500 மீட்டரிலும் தங்கம். இரண்டு நாள் கழித்து ரியோவில் தவறவிட்ட கே1 500. கே4இல் மட்டும் நான்காவது. அந்த 200 மீட்டரில் வெள்ளி வாங்கியவர் ஸ்பெயினின் தெரேசா போர்ட்டேலா, வயது 39, ஆறாவது ஒலிம்பிக்ஸில் கிடைத்த முதல் பதக்கம். நாற்பதை நெருங்கிவிட்டோம், இனிமேல் எதற்கு என்று தயங்குபவர்களுக்கு அந்தப் பெயரையும் சொல்லி வைக்கிறேன்.

பிறகு நடந்தது கொஞ்சம் அநியாயம். பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கான பட்டியலில் பெண்கள் கே1 200 மீட்டரையே எடுத்துவிட்டார்கள். மூன்று தடவை தொடர்ந்து அவர் வென்ற பந்தயம் இல்லாமலே போனது. உள்நாட்டிலேயே எய்மி ஃபிஷர் என்று பலமான போட்டியாளர், 2024 மே மாதம் செகெட்டில் நடந்த உலகக் கோப்பையில் கே1 500இல் கேரிங்டனை முந்தியவர். அந்த நிலையில் 35 வயதில் பாரிஸ் போனார். பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள வேர்-சூர்-மார்னில் ஆகஸ்ட் 8 கே4, 9 கே2, 10 கே1. மூன்று நாள், மூன்று தங்கம், ரியோவில் கோசாக் செய்த அதே காரியம். கே1 500 நேரம் 1 நிமிடம் 47.36 வினாடி. மொத்தம் ஒலிம்பிக்ஸில் எட்டுத் தங்கம், ஒரு வெண்கலம். இந்த விளையாட்டில் அவருக்கு முன்பே எட்டுத் தங்கம் வைத்திருந்தவர் ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர், 1980 முதல் 2004வரை ஓடியவர். நியூசிலாந்தில் அதற்கு முன்பு அதிக ஒலிம்பிக் தங்கம் வாங்கியவரும் கயாக்காரர்தான், இயன் ஃபெர்குசன், நான்கு. அதில் மூன்று 1984 லாஸ் ஏஞ்சலஸில்.

கே4இல் கூட இருந்தவர்கள் அலிசியா ஹாஸ்கின், ஒலிவியா பிரெட், டாரா வான். கே2இல் ஹாஸ்கின். கேரிங்டனைவிட எல்லோரும் இளையவர்கள். தனி ஆளாகப் பத்து வருடம் ஜெயித்த ஒருவர், பிறரோடு ஒரே தாளத்தில் துடுப்பு போடும் வேலைக்குத் தன்னை மாற்றிக்கொண்டார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பல ஆட்கள் உள்ள படகில் துடுப்புகள் ஒரே கணத்தில் தண்ணீரைத் தொடவேண்டும், ஒரே கணத்தில் வெளியே வரவேண்டும். ஒருவர் ஒரு கணம் பிந்தினால் அவருடைய துடுப்பு இழுக்கும் நேரத்தில் மற்றவை காற்றில் இருக்கும், படகு குலுங்கும்.

வாங்க நினைப்பவர்களுக்கும் இதில் ஒரு யோசனை இருக்கிறது. சொந்தமாகக் கே1 எடுப்பதற்கு முன் ஏதாவது கிளப்பில் கே2இல் அனுபவசாலி ஒருவரை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு பின்சீட்டில் ஓட்டிப் பாருங்கள். சுக்கான் முன்னால் இருப்பவர் காலில் இருக்கும், படகு நேராகப் போகிறதா என்ற கவலை உங்களுக்கு இல்லை. அவர் முதுகு எப்போது திரும்புகிறது, துடுப்பு எங்கே இறங்குகிறது என்று பார்த்து அப்படியே போட்டால் போதும். எனக்கு விங் துடுப்பு புரிய ஆரம்பித்ததே ஒரு மூத்த வீராங்கனைக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ அவசரப்படுகிறாய், நான் துடுப்பை ஊன்றும்வரை பொறு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தொந்தரவுகளையும் சொல்லிவிடுகிறேன். 5.2 மீட்டர் சாமானை அடுக்குமாடி வீட்டில் வைக்க முடியாது, கிளப் கொட்டகையில் இடம் பிடித்த பிறகு படகு வாங்குங்கள். காரின் மேல் கட்டும்போது கம்பிகளுக்கு நடுவே இடைவெளி போதாவிட்டால் நெடுஞ்சாலையில் காற்றுக்கு முனை ஆடும், பட்டையை ரொம்ப இறுக்கினால் ஃபைபர் நசுங்கும். அடியில் சுக்கான் நீட்டிக்கொண்டிருப்பதால் ஆழமில்லாத இடத்தில் ஏறி இறங்கக் கூடாது, பாசி சிக்கினால் படகு இழுக்காது, பின்னோக்கி நாலு தடவை துடுப்பு போட்டால் பெரும்பாலும் விலகிவிடும். கடைசியாக, இது முக்கியம்: ஆழமான இடத்தில் கவிழ்ந்தால் கே1இல் மறுபடி ஏறுவது புதியவர்களுக்கு முடியாத காரியம். படகைப் பிடித்துக்கொண்டு நீந்தித்தான் கரைக்கு வரவேண்டும். ஆகவே லைஃப் ஜாக்கெட் இல்லாமல், தனியாக, குளிர்காலத்தில் ஏரி நடுவுக்குப் போகவே போகாதீர்கள். கரையை ஒட்டியே ஓட்டுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

மதிப்பெண் கேட்டால்: துடுப்புக்கு ஐந்துக்கு ஐந்து. படகுக்கு ஐந்துக்கு மூன்றரை, பட்டை மாற்றி விரிசலை அடைத்த பிறகு. குழந்தைகளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்ற நினைப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், அகலமான சுற்றுலாக் கயாக்கே நல்லது. பந்தயப் படகுதான் வேண்டும் என்றால் சீசன் முடியும் சமயத்தில் கிளப்களில் கேட்டுப் பாருங்கள், புதுப் படகு வரும்போது பழையதைத் தள்ளிவிடுவார்கள். பெரிய போட்டிகள் முடிந்ததும் அங்கே ஓடிய படகுகளைத் தயாரிப்பாளர்களே குறைந்த விலைக்கு விற்பதும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஒல்லியான போட்டிப் படகுகள், விலையைப் பார்த்து மயங்கிவிடாமல் மாடலின் நிலைத்தன்மை எப்படி என்று விசாரித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.